உங்கள் கணினித் திரையை ஆள்வது யார்? லினக்ஸ் உலகில் ஓயாத ஒரு விவாதம்

உங்கள் கணினியில் இரண்டு செயலிகள் திறந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்கிறீர்கள். மற்றொன்று, நேற்று இணையத்திலிருந்து இறக்கிய ஒரு சிறு விளையாட்டு. வங்கிப் பக்கத்தில் நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அந்த விளையாட்டு ஓசையில்லாமல் குறித்துக்கொள்ள முடியுமா?

"அதெப்படி முடியும்?" என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். ஆனால், லினக்ஸ் கணினிகளில் பல்லாண்டுகளாகத் திரையைக் கவனித்துக்கொண்ட எக்ஸ்11 என்ற அமைப்பில் அது முடியும். இது யாரோ நிரலில் விட்ட பிழை இல்லை. அந்த அமைப்பு வடிவமைக்கப்பட்ட விதமே அப்படி. இதற்கு மாற்றாக 'வேலண்ட்' என்ற புதிய அமைப்பை உருவாக்கும் வேலை 2008ஆம் ஆண்டில் தொடங்கியது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், "பழையதை விட்டுவிடலாமா, கூடாதா?" என்ற வாதம் திறமூல மென்பொருள் உலகில் ஓயவில்லை.

நமக்கு இதில் என்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத மடிக்கணினியைத் தூக்கி எறிய மனமில்லாமல், அதில் லினக்ஸ் நிறுவிப் பார்க்கலாமா என்று யோசிப்பவராக நீங்களும் இருக்கலாம். அப்படியானால் நிறுவும் முதல் நாளிலேயே இந்த விவாதத்தின் ஏதாவது ஒரு பக்கத்தில் போய் நிற்கப் போகிறீர்கள்.

சாளரம் திரைக்கு வருவது எப்படி?

நீங்கள் திறக்கும் செயலி நேரடியாகத் திரையில் எழுதுவதில்லை. எல்லாச் செயலிகளும் அப்படி எழுதத் தொடங்கினால் ஒன்றின் மேல் ஒன்று கிறுக்கிவிடும். எந்தச் சாளரம் மேலே, எது கீழே, மவுஸ் சொடுக்கியது எந்தச் செயலிக்கு, தட்டிய எழுத்து எதற்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்ய நடுவில் ஒரு மென்பொருள் தேவை. அதற்குக் 'காட்சி சர்வர்' என்று பெயர்.

விண்டோஸ், மேக் கணினிகளில் இந்தப் பகுதியை அந்தந்த நிறுவனமே முடிவு செய்து உள்ளே பொதித்துவிடுகிறது. பயனர் அதன் பெயரைக்கூடத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. லினக்ஸ் அப்படியில்லை. உலகின் பல மூலைகளில் உள்ள குழுக்கள் தனித்தனியே செய்த பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது. எனவே, காட்சி சர்வரும் கழற்றி மாட்டக்கூடிய ஒரு பாகம். கழற்ற முடியும் என்பதால்தான், கழற்றலாமா என்ற கேள்வியும் எழுகிறது.

எக்ஸ் பிறந்த கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) 1983இல் 'அதீனா' என்ற திட்டம் தொடங்கியது. வளாகம் முழுவதும் கணினிகளை வலையமைப்பில் இணைத்து மாணவர்களின் படிப்புக்குப் பயன்படுத்துவது அதன் நோக்கம். கணினிகளோ வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்பு. எல்லாவற்றிலும் ஒரே விதமாக வேலை செய்யும் ஒரு சாளர அமைப்பு தேவைப்பட்டது. 1984இல் ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் அதை உருவாக்க முனைந்தார்கள். அதற்கு முன் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 'டபிள்யூ' என்றொரு சாளர அமைப்பு இருந்தது. அதை அடிப்படையாக வைத்துத் தொடங்கியதால், ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்தான 'எக்ஸ்' புதியதன் பெயராயிற்று. 1987 செப்டம்பரில் அதன் 11ஆம் பதிப்பு வெளிவந்தது. இன்றும் எக்ஸ்11 என்று நாம் சொல்வது அதன் வழித்தோன்றலைத்தான்.

எக்ஸின் பெரிய பலம் ஒன்று உண்டு. செயலி ஓடும் கணினியும் படம் தெரியும் திரையும் வேறு வேறு இடத்தில் இருக்கலாம். "இங்கே ஒரு கோடு போடு, அங்கே இந்த எழுத்தை எழுது" என்று செயலி வலையமைப்பின் வழியே கட்டளைகளை அனுப்பும். உங்கள் மேசையில் உள்ள எக்ஸ் சர்வர் அதைத் திரையில் வரைந்து காட்டும். ஆற்றல் மிக்க கணினி வேறொரு கட்டடத்தில் கணக்குப் போட, முடிவு உங்கள் முன்னால் தெரியும். 1980களில் இது பெரிய சாதனை. ஆராய்ச்சிக்கூடங்களில் இந்த வசதியை இன்றும் பயன்படுத்துவோர் உண்டு.

வேலை குறைந்துபோன நடுவர்

காலப்போக்கில் நிலைமை மாறியது. இன்றைய செயலிகள் எக்ஸிடம் "கோடு போடு" என்று கேட்பது அரிது. ஜிடிகே, க்யூட்டி போன்ற நிரல் தொகுப்புகளைக் கொண்டு தங்கள் சாளரத்தின் முழுப் படத்தையும் தாங்களே தீட்டி, முடித்த படத்தை எக்ஸிடம் கொடுத்துவிடுகின்றன. கிராஃபிக்ஸ் அட்டையைக் கட்டுப்படுத்தும் பொறுப்பின் பெரும்பகுதி எக்ஸிடமிருந்து லினக்ஸ் கெர்னலுக்குப் போய்விட்டது. சாளரங்களுக்கு நிழல் விழ வைப்பது, கண்ணாடிபோல் ஊடுருவிக் காட்டுவது போன்ற வேலைகளுக்குக் 'கம்போசிட்டர்' என்ற இன்னொரு மென்பொருள் வந்தது. பல சாளரங்களின் படங்களை ஒன்றாக அடுக்கி ஒரே திரைப்படமாகத் தொகுப்பதால் அதைத் தொகுப்பான் என்று சொல்லலாம்.

இப்போது ஒரு படம் போகும் வழியைப் பாருங்கள். செயலி எக்ஸிடம் கொடுக்கிறது. எக்ஸ் தொகுப்பானிடம் கொடுக்கிறது. தொகுப்பான் அடுக்கி முடித்து மறுபடியும் எக்ஸிடம் கொடுக்கிறது. அதன் பிறகே திரைக்கு. ஒரே கடிதம் ஒரே அலுவலகத்துக்குள் ஒரே மேசைக்கு இரண்டு முறை வந்துபோவது போலத்தான் இது.

ரெட் ஹேட் நிறுவனத்தில் எக்ஸ் தொடர்பான பணியில் இருந்த கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க், அந்த நடுமேசையையே எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். தொகுப்பானே காட்சி சர்வராகவும் இருக்கட்டும் என்பதுதான் அவருடைய யோசனை. 2008இல் அவர் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வேலண்ட் என்ற ஊரின் பெயரே சூட்டப்பட்டது. அதன் 1.0 பதிப்பு 2012 அக்டோபரில் வந்தது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். எக்ஸ் என்பது நடைமுறையில் எல்லோரும் பகிர்ந்துகொண்ட ஒரே சர்வர். வேலண்டோ ஒரு நெறிமுறை. செயலியும் தொகுப்பானும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதித்தொகுப்பு. அந்த விதிகளின்படி தொகுப்பானை எழுதுவது ஒவ்வொரு குழுவின் பொறுப்பு. க்னோம் குழுவுக்கு ஒன்று, கேடிஇ குழுவுக்கு இன்னொன்று, சிறு குழுக்களுக்கு வேறு சில. ஓரிடத்தில் கிடைக்கும் வசதி இன்னோரிடத்தில் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

16.7 மில்லிவினாடிக் கணக்கு

நான்காம் படிவ இயற்பியலில் அலைகள் பாடத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: 1ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் அலைவு காலம் கிடைக்கும். சாதாரணத் திரை ஒன்று வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது 60 ஹெர்ட்ஸ். 1ஐ 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.0167 வினாடி. அந்த 16.7 மில்லிவினாடிக்குள் அடுத்த படம் தயாராக இருக்க வேண்டும்.

முழு எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 2,073,600 பிக்சல்கள். ஒவ்வொன்றின் வண்ணத்தையும் குறிக்க 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறத்தாழ 8.3 மெகாபைட். வினாடிக்கு 60 படம் என்றால் ஏறக்குறைய 498 மெகாபைட். தேவையில்லாமல் ஒரு முறை கூடுதலாக நகலெடுத்தாலும் எவ்வளவு வீண் வேலை என்று இப்போது புரியும். மடிக்கணினியில் அது மின்கலத்தையும் தின்னும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திரை தன் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. பாதி வாசிக்கும்போது படம் மாறிவிட்டால், மேல்பாதி பழைய படமாகவும் கீழ்பாதி புதிய படமாகவும் தெரியும். காணொளி ஓடும்போது குறுக்கே ஒரு வெட்டு விழுந்தது போல் பார்த்திருப்பீர்களே, அதைத்தான் 'படக்கிழிசல்' என்கிறார்கள். எக்ஸில் இது அடிக்கடி தலைகாட்டும் தொல்லை. வேலண்டில் செயலி தன் படத்தை முழுதாக முடித்து "இது தயார்" என்று ஒப்படைத்த பிறகே தொகுப்பான் அதை எடுத்துக்கொள்ளும். அரைகுறைப் படம் திரைக்கு வரக்கூடாது என்பது வேலண்டை வடிவமைத்தவர்கள் முதலிலேயே வைத்துக்கொண்ட குறிக்கோள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வேகமான கணினி விளையாட்டுகள் ஆடுபவர்கள், "கிழிந்தாலும் பரவாயில்லை, நான் சொடுக்கியது உடனே தெரிய வேண்டும்" என்றார்கள். முழுப் படத்துக்காகக் காத்திருக்கும் சில மில்லிவினாடிகள்கூட அவர்களுக்குப் பெரிது. கடைசியில் 2022இல், விரும்பும் செயலி கிழிசலை அனுமதிக்கக் கேட்பதற்கான நீட்டிப்பு ஒன்று வேலண்ட் விதிகளில் சேர்க்கப்பட்டது.

எல்லாக் கதவும் திறந்த வீடு

இனி நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். எக்ஸ் உருவான காலத்தில், ஒரே திரையில் ஓடும் செயலிகள் அனைத்தும் பயனர் நம்பி ஓட்டுபவை என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகவே, ஒரு செயலி மற்றொன்றின் சாளரத்தைப் படம்பிடிக்கலாம். விசைப்பலகையில் தட்டுவதைக் கவனிக்கலாம். இன்னொரு செயலிக்குப் போலியாக ஒரு சொடுக்கை அனுப்பலாம். அறைகளுக்குள் கதவே போடாத பழைய கம்பத்து வீடு மாதிரி. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்களாக இருக்கும்வரை பயமில்லை.

"இவ்வளவு காலம் ஓடிய மென்பொருள், குறையெல்லாம் எப்போதோ களையப்பட்டிருக்கும்" என்ற எண்ணமும் தவறு. எக்ஸின் எழுத்துரு நிரல் தொகுப்பில் இருந்த ஒரு பாதுகாப்புப் பிழை 2014 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்தப் பிழை 1991ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்தே அங்கே இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை.

வேலண்ட் ஒவ்வோர் அறைக்கும் கதவு போட்டுப் பூட்டியது. ஒரு செயலிக்குத் தன் சாளரம் மட்டுமே தெரியும். மற்றவற்றின் படமும் தெரியாது, தட்டும் எழுத்தும் கேட்காது. திரையில் தன் சாளரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுகூட அதற்குச் சொல்லப்படுவதில்லை. உங்கள் வங்கிக் கடவுச்சொல் அந்த வழியில் களவு போகாது.

பூட்டியபோது வெளியே நின்றவர்கள்

திருடன் நுழைந்த அதே கதவு வழியாகத்தான் வேண்டியவர்களும் வந்துபோனார்கள். விவாதத்தின் சூடு முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தச் செயலியில் இருந்தாலும் அது விசைகளைக் கவனித்து, "இந்த வரியை வாசி", "நிறுத்து" போன்ற கட்டளைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடவுச்சொல் திருடும் நிரலும் விசைகளைக் கவனிக்கிறது, திரைவாசிப்பானும் கவனிக்கிறது. எக்ஸ் இருவரையும் விட்டது. வேலண்ட் இருவரையும் நிறுத்தியது. க்னோம் மேசைத்தளத்தில் திரைவாசிப்பானுக்கென்று விசைகளைக் கவனிக்கும் தனி வழி அமைந்தது 2025இல் வந்த 48ஆம் பதிப்பில்தான். வேலண்ட் 1.0 வந்து அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன.

கைகளை அசைக்க முடியாதவர்களுக்கான திரை விசைப்பலகை, ஒரே வேலையைத் தானாகச் செய்து முடிக்கும் சிறு நிரல்கள், இணையக் கூட்டத்தில் திரையைப் பகிர்வது என எல்லாமே இதே சிக்கலில் மாட்டின. ஆய்வுக்கூடக் கருவிகளோடு வரும் சில மென்பொருள்கள் நான்கைந்து சாளரங்களைத் திறந்து, ஒவ்வொன்றையும் குறிப்பிட்ட இடத்தில் வைக்கும். தன் இடமே தெரியாத செயலி அதை எப்படிச் செய்யும்? அதற்கான விதி பற்றி ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது.

தமிழில் தட்டச்சு செய்யும் நமக்கும் இதில் பங்குண்டு. தமிழ்99 முறையில் 'க' விசையையும் அடுத்து 'ஆ' விசையையும் தட்டினால் 'கா' வர வேண்டும். அஞ்சல் முறையில் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ் வர வேண்டும். அப்படியானால் நீங்கள் தட்டுவதை நடுவில் ஒருவர் வாங்கி, சேர்த்து, பிறகு செயலியிடம் கொடுக்க வேண்டும். லினக்ஸில் ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் செயலிகள் செய்வது இந்த வேலையைத்தான். சீனம், ஜப்பானியம் தட்டச்சு செய்வோருக்கும் இதே தேவை. இதற்கென வேலண்டில் தனி விதிகள் எழுதப்பட்டுள்ளன. ஆனால், எல்லாத் தொகுப்பான்களும் எல்லாச் செயலிகளும் அந்த விதிகளின் ஒரே பதிப்பைப் பேசுவதில்லை. ஒரு செயலியில் ஒழுங்காக வரும் தமிழ் இன்னொன்றில் வராமல் போகலாம்.

சில கதவுகள் முறையாகத் திறக்கப்பட்டுவிட்டன. இன்று வேலண்டில் திரையைப் பகிர முயன்றால், "இந்தச் செயலி உங்கள் திரையைக் காண விரும்புகிறது. எதைக் காட்டலாம்?" என்ற பொருளில் ஒரு கேள்விப் பெட்டி வரும். நீங்கள் ஒப்புக்கொண்டதை மட்டும் அது பார்க்கும். எக்ஸில் இப்படிக் கேட்கும் வழக்கமே இல்லை.

இரு தரப்பும் சொல்வது என்ன?

"என் கணினி நேற்றுவரை நன்றாக ஓடியது. பாதி வசதிகள் இல்லாத ஒன்றை ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள்?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. இது வெறும் பிடிவாதம் இல்லை. அவர்களில் வேலண்டால் உண்மையிலேயே வேலை கெட்டவர்கள் இருக்கிறார்கள். இன்விடியா அட்டை வைத்திருந்தவர்கள் பலகாலம் அவதிப்பட்டார்கள். படத்தை ஒப்படைக்கும் முறையில் அந்த நிறுவனம் ஒரு வழியிலும் வேலண்ட் குழுக்கள் வேறு வழியிலும் நின்றதே காரணம். பொதுவான முறையை இன்விடியா ஏற்றது 2021இல்தான்.

மறுதரப்பின் பதிலிலும் நியாயம் உண்டு. வேலண்டை எழுதியவர்களில் பலர் எக்ஸையே பல ஆண்டுகள் பராமரித்தவர்கள். "அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். 1987இன் வாக்குறுதிகளை உடைக்காமல் அதை இனிப் பாதுகாப்பாக்க முடியாது. இரண்டையும் பராமரிக்க ஆளும் இல்லை" என்கிறார்கள். திறமூல மென்பொருளில் பயனர் பணம் கொடுப்பதில்லை. செய்பவர் ஒருவர் இருந்தால்தான் வேலை நடக்கும்.

உடன்படாதவர்களுக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது. நிரலை எடுத்துத் தனிக் கிளையாக வளர்க்கலாம். 2004இல் எக்ஸ்ஃப்ரீ86 என்ற திட்டம் தன் உரிம நிபந்தனையை மாற்றியபோது பலர் பிரிந்து வந்தார்கள். இன்று நாம் பயன்படுத்தும் எக்ஸ்.ஆர்க் சர்வர் அந்தப் பிரிவில் பிறந்ததுதான். 2025 ஜூனில் அதிலிருந்து 'எக்ஸ்லிப்ரே' என்ற புதிய கிளை அறிவிக்கப்பட்டது. மூன்றாவது வழியைத் தேடியவர்களும் உண்டு. உபுண்டுவின் கனோனிக்கல் நிறுவனம் 2013இல் 'மிர்' என்ற தன் சொந்த அமைப்பை அறிவித்தது. 2017இல் மேசைக்கணினிக்கான அந்த முயற்சியைக் கைவிட்டது.

மாற்றமும் ஒரே தாவலில் நடக்கவில்லை. ஃபெடோரா 2016இல் வேலண்டை இயல்பாக்கியது. உபுண்டு 2017 அக்டோபரில் மாறி, 2018 ஏப்ரலில் எக்ஸுக்கே திரும்பி, 2021இல் மறுபடியும் வேலண்டுக்கு வந்தது. 2025இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 எக்ஸ்.ஆர்க் சர்வரை நீக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான உபுண்டு 25.10இல் க்னோமை எக்ஸில் ஓட்டும் வழி இல்லை. கேடிஇ குழுவும் தன் பிளாஸ்மா 6.8 பதிப்பிலிருந்து அந்த வழி இருக்காது என்று 2025 நவம்பரில் அறிவித்தது. பழைய செயலிகள் இதனால் செத்துப்போவதில்லை. வேலண்டுக்குள்ளேயே ஓடும் 'எக்ஸ்வேலண்ட்' என்ற சிறிய எக்ஸ் சர்வர் அவற்றைத் தாங்கிக்கொள்கிறது.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். கதவு போட்டது சரி. இணையத்திலிருந்து எதை எதையோ இறக்கும் இந்தக் காலத்தில் திறந்த வீடு பாதுகாப்பில்லை. ஆனால், வரிசை தவறிவிட்டது. சாளரங்கள் கிழியாமல் ஓடத் தொடங்கியதும் 'தயார்' என்று அறிவித்தார்கள்; திரைவாசிப்பானை நம்பியிருந்தவர் காத்திருந்தார். ஒரு புதிய கட்டடத்துக்குச் சக்கர நாற்காலிப் பாதை போடாமல் பழைய கட்டடத்தை இடிக்க ஒப்புக்கொள்வோமா? மாற்று முழுமையாகிவிட்டதா என்று கேட்க வேண்டியது, பழையதை அதிகம் சார்ந்திருந்தவரிடம்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

லினக்ஸ் நிறுவ நினைத்தால், நிறுவுவதற்கு முன்பே அதைப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும். கணினியில் உள்ள எதையும் அது அழிக்காது. அப்படி ஓட்டும்போது 'அமைப்புகள்' பகுதியில் கணினி விவரங்களைத் திறந்து பாருங்கள். க்னோம் மேசைத்தளத்தில் சாளர அமைப்பு எக்ஸ்11ஆ வேலண்டா என்று அங்கே எழுதியிருக்கும்.

பிறகு, உங்களுக்கு அன்றாடம் தேவையானதைச் சோதியுங்கள். நீங்கள் பழகிய முறையில் தமிழ் தட்டச்சு செய்யுங்கள், உலாவியிலும் எழுதும் செயலியிலும் தனித்தனியாக. இணையக் கூட்டத்தில் திரையைப் பகிர்ந்து பாருங்கள். வீட்டில் யாராவது திரைவாசிப்பானோ திரை விசைப்பலகையோ பயன்படுத்தினால், அவரையே உட்கார வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஏதாவது ஒன்று சரியாக வரவில்லையென்றால் வேறு வெளியீடு இருக்கிறது. இதை எழுதும் நேரத்தில் லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பு இன்னும் எக்ஸையே இயல்பாக வைத்திருக்கிறது.

கிடைத்த குறையை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல், அந்த மென்பொருள் குழுவின் பிழைப் பதிவேட்டில் எழுதுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது என்று மூன்று வரி போதும். பள்ளி அறிவியல் செய்முறை அறிக்கை எழுதத் தெரிந்த மாணவருக்கு இது கடினமே இல்லை. தமிழ் எழுத்து சரியாக வரவில்லை என்பதைத் தமிழ் தட்டச்சு செய்பவர் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியவரும்.